வலிக்காத காலில் போட்ட கேப்

போன சனிக்கிழமை கால்பந்துப் பயிற்சியில் உங்களில் ஒருத்தி இடது முட்டியில் இறுக்கிப் பிடிக்கும் கேப் மாட்டிக்கொண்டு வலது காலைத் தாங்கித் தாங்கி ஓடினாள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியும். மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. அந்த ஏமாற்று வேலையை நான் மூன்று வருடம் செய்திருக்கிறேன். அதில் என்ன நடந்தது என்று நம் கிளப்பில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த உங்களுக்குத் தெரியாது.

கிளப் மலருக்கு ஏதாவது எழுதுங்கள், ஊக்கம் கொடுப்பது மாதிரி இருக்கட்டும் என்று கேட்டார்கள். ஊக்கம் எல்லாம் என்னிடம் கிடையாது. "மனசு வைத்தால் முட்டி தாங்கும்" என்று எவராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து தள்ளி நில்லுங்கள். மனசு வைத்துத்தான் என் முட்டியைக் கெடுத்துக்கொண்டேன்.

இருபத்தோரு வயதில், கல்லூரி மைதானத்தில், யாரும் தொடாமல், பந்து கூட அருகில் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று திரும்பினேன். வலது முட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். தசைநாரை ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார்கள். உள்ளே இருக்கும் குருத்தெலும்பில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் முட்டி வீங்கும். அது நிற்கவே இல்லை. அப்படியே பல வருடம் நடு மைதானத்தில் ஆடினேன். எப்படி ஆடினேன் என்று கேட்கிறீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

சிம்மக்கல்லில் ஒரு மிளகாய் மொத்தக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா இருந்தார். தொடைத் தசைக்கு அவர் கொடுக்கும் பயிற்சியைத் தும்மிக்கொண்டேதான் செய்ய வேண்டும். மிளகாய் நெடி அப்படி. என்னைவிட இரண்டு வயது சின்னவர். அம்மாவிடம் போனில் சௌராஷ்டிர மொழியில் பேசுவார், என்னைத் தமிழில் திட்டுவார். முதல் நாள் என் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மேட்ச்ல எம்புட்டுத் தடவை நின்னு திரும்புவ?" என்றார்.

"அதை யாரு டாக்டர் எண்ணுவா?"

"ஆள வச்சு எண்ணிட்டு வா. அதுக்கப்புறம் பேசுவோம்."

அடுத்த மேட்ச்சில் ஓரத்தில் ஆடும் எங்கள் விங்கர் பாண்டிச்செல்விக்குக் கணுக்கால் சுளுக்கு, வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எண்ணச் சொன்னேன். பேனாவால் கைநிறையக் கோடு போட்டு வைத்திருந்தாள். நூற்றுப் பதினான்கு. டாக்டரம்மா கேட்டார்: "இதுல பந்து உன்கிட்ட வந்தது எத்தனை?"

"ஒரு முப்பது இருக்கும்."

"மிச்சத்துக்கு எதுக்குத் திரும்புன?"

பந்து போகும் பக்கமெல்லாம் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே திரும்பியிருக்கிறேன். அவ்வளவுதான்.

"ஓடுறது உன் முட்டியக் கெடுக்கல" என்றார். "வெட்டித் திரும்பல்தான் கெடுக்குது. அதக் கொறச்சுட்டு வா, நான் உன்ன ஆட வைக்கிறேன்."

அதிலிருந்து என் ஆட்டம் மாறியது. பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் பின்னால் பார்ப்பேன். பாதி திரும்பி நின்றபடியே வாங்குவேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மைதானம், மற்ற நாட்களில் அந்த மிளகாய் மாடி. ஒரே வருடத்தில் முன்பைவிட நன்றாக ஆடினேன். பார்த்தவர்கள் எனக்குப் பக்குவம் வந்துவிட்டது என்றார்கள். பக்குவம் எல்லாம் இல்லை. பயம். முட்டிக்குப் பயந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். பயம் நல்ல வாத்தியார், சொல்வதைக் கேட்டால்.

இதோடு நின்றிருந்தால் நான் புத்திசாலி.

அழகர்கோவில் ரோட்டில் ஒரு போட்டி. எதிரணித் தடுப்பாட்டக்காரி ஒருத்தி என் வலது முட்டிக் கேப்பைப் பார்த்துப் பார்த்து மிதித்தாள். ரெஃபரி பார்க்காத நேரமாக இரண்டு தடவை. ஒரு வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த மேட்ச்சுக்குக் கேப்பைக் கழற்றி நல்ல காலில், இடது காலில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

வேலை செய்தது! எல்லாரும் இடது பக்கமே பாய்ந்தார்கள். இடது கால் இரும்பு மாதிரி இருந்தது. இடித்தவள்தான் விழுந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உலகத்தில் எல்லாரும் மிதிக்கத்தான் வருகிறார்கள், நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

எங்கள் கோச்சிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ஆட்டோ ஓட்டுபவர். காலையும் மாலையும் எங்களுக்குப் பயிற்சி, நடுவில் சவாரி. தங்கமான மனுசன், ஆனால் வாய் நிற்காது. சிம்மக்கல்லில் அவரிடம் ஒன்றைச் சொன்னால் அவர் ஆட்டோவுக்கு முன்னால் அது சமயநல்லூர் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அவரும் என் இடது கால்தான் கெட்ட கால் என்று நம்பினார். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து, அந்தக் கவிச்சி வாடையோடு, என் நல்ல முட்டிக்கு அரை மணி நேரம் ஒத்தடம் கொடுப்பார். நானும் "ஆங்... இப்ப பரவால்லண்ணே" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுவேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வலது காலுக்கு நானே வைத்துக்கொள்வேன்.

அதோடு போகவில்லை. என் இடது பக்கத்துக்குத் துணையாக ஓர் ஆளை நிறுத்தி அவர் ஆட்டத்தையே மாற்றி அமைத்தார். வலது பக்கம் திறந்து கிடந்தது. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இப்போது அந்த ஃபைனலுக்கு வருகிறேன். சமயநல்லூரில் நடந்தது. ஜெயித்தால் மாநில லீக். நம் கிளப் அதுவரை மாநில லீக்கை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு முப்பது வயது. இந்த வருடம் இல்லையென்றால் எனக்கு எந்த வருடமும் இல்லை. அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இருந்தே வலது முட்டி வடியாமல் வீங்கிக் கிடந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "அறுபது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது. உங்க கோச்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிர்றேன் டாக்டர்."

சொல்லவில்லை. முழு ஆட்டம் ஆட முடியாதவளை ஃபைனலில் இறக்குவாரா என்று பயம். நல்ல பயம் ஒன்று உண்டு என்று மேலே சொன்னேன். இது கெட்ட பயம்.

மேட்ச் தொடங்கியது. தரை காய்ந்து கட்டாந்தரை. ரோட்டோரம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நின்று பார்க்கும் அளவுக்குக் கூட்டம். எதிரணி திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த சின்னப் பெண்கள், காற்று மாதிரி ஓடுகிறார்கள். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் நான் பார்க்காமலே வைத்த பந்தில் பாண்டிச்செல்வி ஓடிப்போய்ச் சமன் செய்தாள். ஒன்றுக்கு ஒன்று! எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

அந்தப் போட்டியில் மூன்று பேரைத்தான் மாற்றலாம். கோச் இரண்டு பேரை மாற்றிவிட்டார். அறுபத்தைந்தாவது நிமிடம், மூன்றாவது ஆளைத் தயாராக நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்:

"ஏத்தா! நீ தாங்குவியா? இல்ல ஒன்னயத்தான் மாத்தவா?"

அறுபது நிமிடம் தாண்டிவிட்டது. முட்டிக்குள் சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் வேறொருத்தியை வெளியே எடுத்து மூன்றாவது மாற்றத்தையும் முடித்துவிட்டார்.

என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு அந்தக் கட்டைவிரல்தான். அந்த மனுசன் கேட்டார். நேரடியாகக் கேட்டார். என்ன பதில் சொன்னாலும் சமாளித்திருப்பார், உண்மையாக இருந்திருந்தால்.

ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு பந்து துள்ளிக்கொண்டிருந்தது. நான் முந்திவிட்டேன். அவர்களுடைய தடுப்பாட்டக்காரி, நெட்டையான பெண், இடது பக்கமாக வந்துகொண்டிருந்தாள். அதைத்தான் எதிர்பார்த்தேன். இடது காலை ஊன்றிக்கொண்டேன். வா, வந்து இரும்பில் மோது என்று. அவள் கடைசி இரண்டு எட்டில் வளைந்து என்னைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து பந்துக்குச் சறுக்கினாள். பந்து போனது. அதோடு அவள் கால் என் வலது முட்டியின் பக்கவாட்டில் இடித்தது.

ஃபவுல் இல்லை. சுத்தமாகப் பந்துக்குத்தான் வந்தாள். ஆனால் நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும்.

ரெஃபரி கையசைத்ததும் கோச் ஐஸ் பையோடு ஓடி வந்தார். நேராக இடது முட்டியில் வைத்தார்.

"அண்ணே, அது இல்ல. வலது."

"என்ன வலது?"

"வலதுதான்ணே கெட்ட காலு. எப்பயுமே வலதுதான்."

ஐஸ் பையைக் கையில் பிடித்தபடி என் இரண்டு முட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இம்புட்டு நாளா நான் எதுக்குடி ஐஸ் வச்சேன்?"

"நல்ல காலுக்குண்ணே."

"அடிப்பாவி மகளே! மீன்கடைக்காரன் என்னைய ஐஸ் கோச்சுன்னு கூப்பிடுறான்டி!"

பாண்டிச்செல்வி பக்கத்தில் மண்டியிட்டாள். "அண்ணே, திட்டுறத அப்புறமா ஆட்டோல வச்சுக்கங்க. அக்கா, நடிக்காம சொல்லு. எந்திரிப்பியா, மாட்டியா?"

எழுந்து நின்றேன். ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். மெல்ல மடக்கிப் பார்த்தேன். நழுவவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன்: "நிக்க முடியுது. நேரா நடக்க முடியுது. ஓட முடியாது, திரும்பவே முடியாது. பொய் சொல்லிட்டேண்ணே. டாக்டர் அறுபது நிமிஷம்னு சொன்னாங்க."

அவர் என்னை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மாற்ற ஆள் இல்லை, அந்த இடத்தை நான்தான் தின்றுவிட்டேன். நான் வெளியே போனால் பத்துப் பேர். அவர் கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டார். பிறகு சொன்னதைக் கேளுங்கள். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனுசன் எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"போய் அவளுக கோல் பக்கத்துல நில்லு. சும்மா நில்லு. ஒனக்குன்னு அவளுக ஒருத்திய ஒதுக்கித்தான ஆகணும்? பந்து வந்தா ஒரே தொடுல விட்ரு. பாண்டி, நீ இவளச் சுத்தியே ஓடு. ஏய், நீ ஒரு எட்டு ஓடுன, நானே உள்ள வந்து தூக்கிட்டுப் போயிருவேன். கால் நழுவுற மாதிரி இருந்தா அப்படியே ஒக்காந்துரு. பத்துப் பேரோட பாத்துக்கிறேன். புரியுதா?"

பாருங்கள், நான் உண்மையைச் சொன்ன அரை நிமிடத்தில் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. பொய்க்கு மூன்று வருடம் அவர் போட்ட திட்டம் எல்லாம் வீண்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. எல்லாரும் பார்க்க, மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து, இடது காலில் இருந்த கேப்பை உருவி வலது காலில் மாட்டினேன். எதிரணியில் ஒருத்தி, "ஏய், பித்தலாட்டத்தப் பாருங்கடி!" என்று கத்தினாள். கூட்டத்தில் விசில். என்னை இடித்த அந்த நெட்டைப் பெண் மட்டும் கத்தவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். தோற்கப்போகிறோம் என்று பயம் போல என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

போய் நின்றேன். அவளைத்தான் எனக்குக் காவல் போட்டார்கள். எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து. நம் கோல்கீப்பர் இரண்டு பந்தை உயிரைக் கொடுத்துப் பிடித்தாள். நான் தந்திக் கம்பம் மாதிரி நிற்கிறேன். ஓடாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எண்பத்தெட்டாவது நிமிடம். பின்னாலிருந்து ஒரு நீளமான பந்து நேராக என்னிடம் வருகிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். நெட்டைப் பெண் என் வலது பக்கம் பின்னால், இடித்தால் எட்டும் தூரத்தில். தோளுக்கு மேல் பார்த்துவிட்டேன், பாண்டிச்செல்வி வலது ஓரத்திலிருந்து கிளம்பிவிட்டாள். இடி வரும் என்று பல்லைக் கடித்தேன். வரவில்லை. அரை நொடி. அந்த அரை நொடி எனக்குப் போதும். இடது காலின் உள்பக்கத்தால் ஒரே தொடு, பந்து அவளுடைய ஓட்டத்தின் முன்னால் போய் விழுந்தது. அவள் நிறுத்தவே இல்லை. அப்படியே அடித்தாள். வலை பொங்கியது!

சத்தம்! எங்கள் கோச் ஐஸ் பையைத் தூக்கி மேலே எறிந்தார், ஐஸ் எல்லாம் கூட்டத்தின் தலையில். பதினோரு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தோம். என்னை யாரும் அமுக்கக் கூடாது என்று பாண்டிச்செல்வி என் மேல் குப்புறப் படுத்து, "அக்கா முட்டி! அக்கா முட்டி!" என்று கத்துகிறாள். இரண்டுக்கு ஒன்று. மாநில லீக்.

கடைசி விசில் ஊதி, ஓரமாக உட்கார்ந்திருந்தபோது அந்த நெட்டைப் பெண் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். அழுத முகம்.

"அக்கா, முட்டி எப்படி இருக்கு?"

"ஒன்னும் இல்ல போ. நீ பந்துக்குத்தான வந்த."

"இல்லக்கா, கேளுங்க. எங்க கோச் சாரு, கேப் போட்ட காலுக்குப் போ, அதுதான் அவளுக்கு வீக்குன்னு காலைலருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்கு மனசு வரல. என் அக்காவும் முட்டி போய்த்தான் ஆட்டத்த விட்டா. அதான் கேப் பக்கம் விட்டுட்டு இந்தப் பக்கம் சுத்தி வந்தேன். நல்ல கால்தானன்னு..."

என் காலில் இருந்த கேப்பைப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "கோலு விழுந்தப்ப ஏன் என்னைய இடிக்கல?"

"இடிக்கத்தான்க்கா வந்தேன். கேப் மாறுனதப் பாத்தேன்ல. ரெண்டாவது தடவையும் எப்படி இடிக்கிறது?" மூக்கை ஜெர்சியில் துடைத்தாள். "எங்களுக்கு லீக் போச்சு."

அவர்களுடைய பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

மிதிக்க வந்தவளையெல்லாம் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மிதிக்கக் கூடாது என்று சுற்றிக்கொண்டு வந்தவளைத்தான் ஏமாற்றியிருக்கிறேன். அவள் இரக்கப்பட்டதற்கு எனக்கு முட்டி போனது. மறுபடியும் இரக்கப்பட்டதற்கு அவளுக்கு லீக் போனது. ஜெயித்த சந்தோஷம் பொய் இல்லை, அதை இன்றைக்கும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் அதில் ஒரு பங்கு அவளுடையது.

அன்றைக்கு நான் உள்ளே நின்றது சரியா என்றால், சரி இல்லை. ஜெயித்ததால் சரி ஆகிவிடாது. உங்களில் ஒருத்தி அப்படி நின்றால் நானே இழுத்து வெளியே போடுவேன். மறுநாள் சிம்மக்கல் மாடியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். டாக்டரம்மா, "கோச்கிட்ட சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

"எப்ப?"

"எழுபத்திரண்டாவது நிமிஷத்துல."

அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். அதற்கு அர்த்தம் கேட்கத் தேவைப்படவில்லை. நான்கு மாதம் மைதானத்தை மிதிக்க விடவில்லை.

மாநில லீக்கில் மூன்று வருடம் ஆடினேன். ஆடிய மேட்ச் எல்லாவற்றிலும் கடைசி முப்பது நிமிடம் மட்டும். கோச் எனக்கென்று ஒரு மாற்றத்தை எடுத்து வைத்துக்கொள்வார். முழு ஆட்டம் ஆடிய காலத்தைவிட அந்த முப்பது நிமிடத்தில் அதிகம் கோல் வாய்ப்பு உண்டாக்கினேன். வெட்டியாக ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வீக்கம் இருந்தால் இருக்கிறது என்று சொன்னேன், அந்த வாரம் உட்கார்ந்தேன். கேப் வலது காலில்தான், ஊரே பார்க்கும்படி. அந்த மூன்று வருடத்தில் வேண்டுமென்றே அதை மிதித்தவர்கள் இரண்டே பேர்.

ஆகவே, போன சனிக்கிழமை தாங்கித் தாங்கி ஓடியவளே, உனக்குத்தான். சிம்மக்கல் மாடியில் அந்த டாக்டரம்மா இன்னும் இருக்கிறார், மிளகாய் நெடியும் இருக்கிறது, போய்ப் பார். எத்தனை நிமிடம் தாங்கும் என்று கோச்சிடம் நீயே சொல். நாளைக்குப் பயிற்சிக்குக் கேப்பை வலிக்கிற காலில் மாட்டிக்கொண்டு வா. அதைப் பார்த்து மிதிக்க ஒருத்தி வருவாள், அவளைச் சமாளிக்க நான் கற்றுத் தருகிறேன். அதைப் பார்த்து உன்னைச் சுற்றிக்கொண்டு போகவும் ஒருத்தி வருவாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.